உள்பக்கம் பார்த்த முகம்

இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாக்குவதுதான் இப்போது என் பிழைப்பு. ஸ்டூடியோ என்று போர்டு இருக்கிறதே தவிர, ஆளை உட்காரவைத்துப் படம் எடுத்து மாதக்கணக்காகிறது. எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. அதில் எடுக்க முடியாத படத்துக்குத்தான் பாம்பன் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கிற என் கடைப்படியை ஏறுகிறார்கள். செத்துப்போன அப்பாவை மணக்கோலத்தில் நிற்கும் மகளுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். சவுதியில் இருக்கிற மாப்பிள்ளையை வளைகாப்பில் உட்கார வைக்க வேண்டும். முப்பது வயதில் போன புருசனையும் எழுபது வயது பெண்டாட்டியையும் ஒரே ஃபிரேமுக்குள் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்து காட்டினால், "என்ன தவசியண்ணே, ஆத்தாளும் மகனும் மாதிரில்ல இருக்கு" என்பார்கள். நானா அவரைச் சீக்கிரம் போகச் சொன்னேன்?

சொந்த ஊர் கடலாடிப் பக்கம். கடலைப் பற்றி இன்றைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது. இங்கே வந்து இருபத்திரண்டு வருசமாக முகங்களை வெட்டுகிறேன், ஒட்டுகிறேன். கழுத்து வலிக்கிறது. கண் மங்குகிறது. சாயங்காலமானால் எதிரில் நிற்கிற மனிதனையும் ஓரம் வெட்டிப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது.

இந்த வேலையில் ஒரு கட்டாயம் உண்டு. இரண்டு பேரைச் சேர்த்தால் இரண்டு முகமும் உள்பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று கிழக்கே ஒன்று மேற்கே பார்த்தால் இந்த ஊரில் படத்தை வாங்க மாட்டார்கள். குடும்பம் பிரிந்துபோகும் என்பார்கள். ஆரம்பத்தில் ஒரு தம்பதி படத்தை அப்படிப் போட்டுக் கொடுத்து, அந்தப் பெண்ணின் அம்மா கடை வாசலில் நின்று கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதிலிருந்து வெளிப்பக்கம் பார்க்கும் முகம் வந்தால் ஃப்ளிப் பண்ணிவிடுவேன். கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடதை வலதாக்கித் திருப்பிவிடுவது. ஒரே ஒரு க்ளிக். அப்புறம் சட்டைப் பாக்கெட் வலது பக்கம் வந்திருக்கிறதா, முந்தானை தோள் மாறிவிட்டதா, மூக்குத்தி இடம் மாறிவிட்டதா என்று பார்த்து ஒவ்வொன்றாகச் சரிசெய்வேன். பாக்கெட்டைப் பார்த்தால்தான் திருப்பிய ஞாபகமே எனக்கு வரும். அந்த அளவுக்குக் கை தானாகச் செய்கிற வேலை அது.

ஆடி மாதம். கச்சான் காற்று ஊரையே பிய்த்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் காளீஸ்வரன் வந்தான். அவனுடைய அண்ணன் மாரீஸ்வரன் போன நாட்டுப்படகு ஒன்பது நாளைக்கு முன்னால் கவிழ்ந்துவிட்டது. கூடப் போன மூன்று பேரும் படகைப் பிடித்துக்கொண்டு கிடந்து தப்பித்துவிட்டார்கள். மாரீஸ்வரன் மட்டும் கிடைக்கவில்லை. ஊருக்கே தெரிந்த விசயம். நானும் ஒரு நாள் போய் அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தேன்.

"அண்ணே, அந்தக் கரையில ஒரு ஆளு ஒதுங்கியிருக்காம்" என்றான் காளீஸ்வரன். அந்தக் கரை என்றால் இலங்கைக் கரை. "அங்கன ஆஸ்பத்திரியில வச்சிருக்காக. போட்டோ அனுப்பிச்சிருக்காக. பாத்தா ஒண்ணும் தெரியலண்ணே. முகம்னு சொல்ல ஒண்ணுமில்ல. அண்ணனோட போட்டோவையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே தாளாக் குடுக்கச் சொல்றாக. டாக்டர் ஒத்துப் பாத்துச் சொல்வாராம்."

"உன் மதினி பாத்துச்சா?"

"மதினி அதைப் பாக்க மாட்டேன்னுருச்சு. போனை மட்டும் குடுத்துவிட்டுருக்கு."

மாரீஸ்வரன் பெண்டாட்டி முருகலட்சுமியின் போன் அது. திரையில் விரிசல். கோயில் திருவிழாவில் எடுத்த மாரீஸ்வரன் படம் ஒன்று இருந்தது. கழுத்து வட்டமான பனியன் போட்டுக்கொண்டு, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு பக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அதையும், காளீஸ்வரன் போனில் இருந்த மற்றதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டேன்.

அந்த மற்ற படத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. அதுதான் உண்மை. இத்தனை வருசத்தில் எத்தனையோ பிணங்களின் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன், நெற்றியில் விபூதி பூசியிருக்கிறேன். ஆனால் கடலில் கிடந்த முகம் வேறு. திரையில் அதைச் சின்னதாக வைத்துக்கொண்டு, அளவை மட்டும் பார்த்து வேலை செய்தேன். புதிய தாள் ஒன்று திறந்தேன். இடது பாதியில் உயிரோடு இருந்தவன், வலது பாதியில் ஒதுங்கியவன். இரண்டு தலையும் ஒரே அளவில் வர வேண்டும், கண் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். கீழே பெயர், வயது, ஊர். மாரீஸ்வரன் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். என் கை அவனை உள்பக்கம் திருப்பியது.

பனியனில் பாக்கெட் இல்லை. எழுத்தும் இல்லை. சரிசெய்ய எதுவும் இல்லாததால் திருப்பியது என் மனதிலேயே நிற்கவில்லை. சேவ் பண்ணி அந்த ஆஸ்பத்திரிக்கு மெயிலில் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

புதன்கிழமை சாயங்காலம் பதில் வந்தது. அது மாரீஸ்வரன் இல்லையாம். ஒதுங்கியவனுக்கும் மாரீஸ்வரனுக்கும் புருவத்தில் தழும்பு இருக்கிறதாம். ஆனால் பக்கம் வேறாம். ஊரே சந்தோசப்பட்டது. காளீஸ்வரன் தெருவில் போகிறவர்களைக் கட்டிப்பிடித்தான். கூடப் போன மூன்று பேரும், உயிரோடு வந்த குற்றத்துக்காகத் தலையைக் குனிந்துகொண்டு திரிந்தவர்கள், அன்றைக்குத்தான் டீக்கடையில் உட்கார்ந்து பேசினார்கள். ஏதாவது ஒரு படகு தூக்கிக்கொண்டு போயிருக்கும், ஏதாவது ஒரு தீவில் இருப்பான் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நானும் சொன்னேன். தழும்பு எந்தப் பக்கம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நல்ல சேதியை யார் குடைந்து பார்ப்பார்கள்?

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு முருகலட்சுமி கடைக்கு வந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். பத்து நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தாள். கையில் ஒரு பை. அதற்குள் சங்கரா மீன், அவளுடைய கூடப்பிறந்தவன் கொண்டுவந்ததாம்.

"எதுக்கு தாயி இதெல்லாம்?"

"உங்க கையால போன படம்ணே. நல்ல கை" என்றாள். உட்கார்ந்தாள். நான் டீ சொன்னேன். பன்னும் வாங்கிவரச் சொன்னேன். பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துச் சாப்பிட்டாள். பத்து நாளாக அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அவள் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

"இப்ப ஒரு நோட்டீஸ் போடணும்ணே. காணவில்லைன்னு. தொண்டி, கோட்டைப்பட்டினம், வேதாரண்யம் எல்லாப் பக்கமும் போன்ல அனுப்பிருவோம்ங்குறாரு காளீஸ்வரன் தம்பி. பாத்தவுக சொல்வாகள்ல?"

"சொல்வாக."

"அங்க ஒதுங்குன அந்தப் புள்ளைய யாரு பெத்ததோ. நாளைக்குக் காலையில அங்கனயே பொதச்சிருவாகளாம். ஆள் யாரும் வரலன்னு. இன்னைக்குக் காலையில அந்தப் புள்ளைக்கும் சேத்து ஒரு சூடம் ஏத்திட்டுத்தேன் வாரேன்" என்றாள்.

திருவிழாப் படத்தைத் திறந்து 'காணவில்லை' என்று பெரிய எழுத்தில் தட்டினேன். பெயர், வயது முப்பத்தெட்டு, உயரம், நிறம். அங்க அடையாளம் என்ற இடத்துக்கு வந்து, "தழும்பு எந்தப் புருவம் தாயி?" என்று கேட்டேன்.

"எடது. சின்ன வயசுல நங்கூரம் இடிச்சது."

திரையைப் பார்த்தேன். இடது புருவத்தை வாள் கொண்டு கீறிய மாதிரி வெள்ளையாக ஒரு கோடு. சரிதான். இடது என்று தட்டினேன். தட்டிய பிறகுதான் 'பக்கம் வேறு' என்று வந்த பதில் ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமை அனுப்பிய தாளைத் திறந்தேன். அதில் மாரீஸ்வரன் உள்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். தழும்பு வலது புருவத்தில் இருந்தது.

பக்கத்துப் படத்தைப் பெரிதாக்கினேன். பார்க்கக் கூடாது என்று மூன்று நாளாகத் தள்ளி வைத்திருந்த முகத்தைப் பார்த்தேன். இடது புருவம். அதே கோடு.

அவள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். திரை என் பக்கம்தான். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்ப்யூட்டர் நின்னுருச்சு தாயி" என்றேன். "சாயங்காலம் வா. இல்ல, நானே வாரேன்."

"அவசரமில்லண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது சொல்ல, ஆனால் சொல்லிவிடுகிறேன். சும்மா இருந்துவிடலாமா என்று யோசித்தேன். நாளைக் காலையில் அங்கே மண்ணைத் தள்ளிவிட்டால் முடிந்தது. அவள் காத்துக்கொண்டிருப்பாள். பிள்ளைகள் வளர்ந்துவிடும். காத்திருக்கிறவர்கள் இந்தக் கரையில் புதிதா? யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. அந்த ஃபைலை அழித்துவிட்டால் எனக்கே மறந்துபோகும்.

அப்படியே இரண்டு மணி வரை இருந்தேன். சங்கரா மீன் பைக்குள் கிடந்து வாடை அடிக்க ஆரம்பித்தது. அதை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான், இது மாரீஸ்வரன் வீட்டு மீன் என்று உறைத்தது. என்னால் அதைத் தின்ன முடியாது. திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

தாளைச் சரிசெய்தேன். ஒரே க்ளிக். மாரீஸ்வரன் மறுபடியும் வெளிப்பக்கம் பார்த்தான். போனில் ஏற்றிக்கொண்டு, வெயிலோடு நடந்தேன். காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது.

முருகலட்சுமி வீட்டுக்குப் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவனுடைய சட்டைகள். பத்து நாளாகக் கொடியில் கிடந்து உப்பேறிவிட்டதாம், வந்தால் போட்டுக்கொள்ள வேண்டுமே என்றாள்.

"தாயி, உக்காரு" என்றேன். அவள் உட்காரவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் கையை மட்டும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். போட்டோவைத் திருப்பிட்டேன். ரெண்டு முகமும் உள்ள பாக்கணும்னு, பழக்கத்துல, கை தானாத் திருப்பிருச்சு. அதுலதான் தழும்பு பக்கம் மாறிப்போச்சு."

அவள் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். இதுவரை பார்க்க மாட்டேன் என்றிருந்த படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள். புருவத்தைப் பார்த்தாள். பிறகு காதை. பிறகு முன்நெற்றியில் மயிர் ஏறுகிற இடத்தை. அதெல்லாம் எனக்குத் தெரியாத அடையாளங்கள். கடைசியாகத்தான் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள்.

"அவுகதான்" என்றாள்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பக்கம் வேறன்னு தம்பி சொன்னப்ப, எந்தப் பக்கம்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சுண்ணே" என்றாள். "கேக்கல. ஒரு நாளாவது கேக்காம இருந்துக்கிருவோம்னு இருந்தேன். புள்ளைககிட்ட அப்பா வந்துருவாகன்னு சொல்லிப் பள்ளிக்கூடம் அனுப்பிச்சேன்."

"காளீஸ்வரனுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன் தாயி" என்றேன். சொன்னேனே தவிர, போனை அவள் கையிலிருந்து வாங்கவில்லை.

"என்ன சொல்வீக?"

"என் தப்புன்னு சொல்றேன்."

"சொன்னா உங்க கடை இருக்குமா? நேத்து அத்தனை பேரும் குதிச்சிருக்காக. அந்தக் கோவத்தையெல்லாம் உங்க மேல எறக்குவாக. அப்புறம் ஸ்டேசன், கேசு, பஞ்சாயத்து. என்னையக் கூப்புடுவாக. நானும் வந்து நிக்கணும்." அவள் வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "என்னால ஏலாதுண்ணே. அவுகளக் கொண்டாரணும், அடக்கம் பண்ணணும். அதுக்கே எனக்குத் தெம்பு இருக்கான்னு தெரியல. அதுக்கு மேல ஒரு சண்டைய என்னால பாக்க முடியாது."

"அதுக்காக..."

"சும்மா இருங்க."

உள்ளே போய் விரிசல் விழுந்த தன் போனை எடுத்துவந்து காளீஸ்வரனைக் கூப்பிட்டாள். "தம்பி, அது அவுகதான்" என்றாள். அந்தப் பக்கம் அவன் என்னவோ கேட்டான். "நான் குடுத்த படம் தப்பு. செல்ஃபிக்கு எடுப்பாகள்ல, முன்னாடி இருக்குற கேமரா. அதுல எடுத்தது போல. கண்ணாடி மாதிரி மாத்திக் காட்டும்ல. எனக்கு அப்ப உறைக்கல. இப்ப நோட்டீஸ் போடப் போனப்பத்தேன் தவசியண்ணன் எந்தப் பக்கம்னு கேட்டாக, தெரிஞ்சுச்சு. அவுக சரிபண்ணித் தாரேன்னுட்டாக. நாளைக்குப் பொதைக்கிறதுக்குள்ள அனுப்பிச்சிரணும் தம்பி."

பிறகு காளீஸ்வரன் கத்தியது எனக்கே கேட்டது. அறிவிருக்கா மதினி, சொந்தப் புருசன் முகம் தெரியாதா, எங்கண்ணனை அநாதையாப் பொதைக்கப் பாத்தியா என்று கத்தினான். இன்னும் சில வார்த்தைகள் இருக்கின்றன, அவற்றை எழுத வேண்டாம். அவள் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா தம்பி" என்றாள். "எனக்கு அறிவில்லதேன்."

ஒரு எட்டு எடுத்து வைத்து அந்தப் போனை நான் வாங்கியிருக்கலாம். இரண்டு முழ தூரம்தான் இருக்கும். என் கால் நகரவில்லை. கடை தப்பித்தது என்று உள்ளுக்குள் ஒரு இடத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை அவளும் பார்த்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

போனை வைத்துவிட்டு, நனைந்து கிடந்த சட்டைகளைப் பார்த்தாள். பிழிந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடியில் போட்டாள். கடைசிச் சட்டையைப் போடும்போதுதான் கை நின்றது. அப்படியே கொடியோடு சேர்த்து அதைப் பிடித்துக்கொண்டு, "ஏன்ணே வந்து சொன்னீக?" என்று கேட்டாள். திட்டுகிற குரலில் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

நான் கடைக்குத் திரும்பி ஷட்டரைத் தூக்குவதற்குள் காளீஸ்வரன் பைக்கில் வந்துவிட்டான். கண் சிவந்திருந்தது. மீனவர் சங்கத்துத் தலைவர் அந்தக் கரையோடு பேசிவிட்டாராம்; சரியான தாளை உடனே அனுப்பினால் காலையில் புதைக்க மாட்டார்களாம். திருத்திய தாளைத் திரையில் காட்டினேன். அவன் குனிந்து இரண்டு புருவத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பார்த்துவிட்டு மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். மெயில் போய்ச் சேரும் வரைக்கும் அவன் முதுகில் கை வைத்திருந்தேன்.

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"மதினிக்குப் புத்தியே கிடையாதுண்ணே. செல்ஃபியப் போயிக் குடுத்துருக்கு. நீங்க மட்டும் எந்தப் பக்கம்னு கேக்கலன்னா எங்கண்ணன் அங்கனயே மண்ணாப் போயிருப்பான்" என்றான். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "உங்களுக்குத்தான் ரெண்டு தடவை வேலை வச்சுட்டோம். மனசுல வச்சுக்காதீக."

"பரவாயில்லப்பா" என்றேன்.